சென்ட்ரல் ஏசி: நாளைக்குள்ள பாதிப் பணம் கட்டணுமாம், அவசரம்

அழகாபுரத்தான்:
டாலஸ் வந்து இப்பதான் ஒரு நிலைக்கு வர்றோம். அதுக்குள்ள இந்த டென்ஷன். வீட்டுக்கு சென்ட்ரல் ஏசி, 11 டன் (குளிர்விக்கிற திறன்) மெஷினுக்கு கொட்டேஷன் வந்திருக்கு. நாளைக்குள்ள பாதிப் பணம் கட்டினாத்தான் இந்த ரேட்டாம். கட்டலாமா? தயவுசெஞ்சு சீக்கிரம் சொல்லுங்க.

பிளேனோ அக்கா:
கட்டாதீங்க தம்பி. டெக்சாஸ்ல 2,500 சதுர அடி வீட்டுக்கே 5 டன் பக்கம்தான் வரும். ‘மேனுவல் ஜே’ கணக்கு போட்டாங்களான்னு கேளுங்க. ஜன்னல், திசை, இன்சுலேஷன் எல்லாம் வச்சு ரூம் ரூமா வெப்பம் எவ்வளவு ஏறுதுன்னு பாக்குற கணக்கு அது. பரண்ல ஓடுற பழைய டக்ட்டுக்கு, அதாவது குளிர் காத்து போற தகட்டுக் குழாய்க்கு, லீக் டெஸ்ட்டும் வேணும். இங்க அமெரிக்காவுல 2025ல இருந்து புதுசா தயாரிக்கிற மெஷின்ல குளிர்விக்க ஆர்-32 இல்லைன்னா ஆர்-454பி கேஸ்தான். ஆர்-410ஏ மெஷின் தந்தா அது பழைய ஸ்டாக்.

அஞ்சுரோடு:
அக்கா, 5.5, 8.5, 11 டன் எல்லாம் நம்ம ஊர் டக்டபிள் (டக்ட் வழியா குளிர் காத்து அனுப்புற ஏசி) சைஸ். தம்பி, வீடு எங்க இருக்கு?

அழகாபுரத்தான்:
வீடு சேலத்துலதாங்க. அப்பா அம்மாவுக்கு மாடி கட்டுறோம், 1,400 சதுர அடி. அடுத்த வாரம் பூச்சு வேலை.

டொராண்டோ தம்பி:
வெளிநாட்டுக்காரன் வீடுன்னு தெரிஞ்சாலே எல்லா ரேட்டும் ஏறிடுது. இங்க வந்த புதுசுல குளிரோட மல்லுக்கட்டிக்கிட்டே அங்க மேஸ்திரியையும் போன்ல துரத்தணும். பணம் கைக்குப் போயிட்டா அவங்க போனே எடுக்கறதில்ல.

பிளேனோ அக்கா:
உண்மை தம்பி. நேர வித்தியாசம் வேற உயிரை எடுக்கும்.

ஏற்காட்டு மிளகு:
ஏசிக்கு முன்னாடி தளத்தைப் பாருங்க. சேலம் சித்திரை வெயில்ல மொட்டை மாடி காங்கிரீட் பகல் பூரா சூடு குடிச்சு ராத்திரி பூரா கீழ இறக்கும். தட்டோடு இல்லைன்னா வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டுங்க, மேற்குச் சுவர்ல ஜன்னலுக்கு மேல சன்ஷேடு விடுங்க. 1,500 மீட்டர் உயரத்துல நாங்க ஃபேனே அதிகம் போடறதில்ல, அந்த சுகம் கீழ வராது. ஆனா ஏசி சுமையை நல்லாவே குறைக்கலாம்.

அஞ்சுரோடு:
தளம் சரி, கேள்வி ஏசிங்க. என் வோட்டு விஆர்எஃப். வெளிய ஒரே யூனிட், ரூமுக்கு ரூம் தனி ரிமோட்.

டக்ட் வேலைக்காரர்:
கொட்டேஷனுக்கு வருவோம். டன்னுக்கு 400 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 400 கன அடி) காத்து வேணும், 11 டன்னுக்கு 4,400. சத்தம் இல்லாம இருக்க நிமிஷத்துக்கு 900 அடி வேகம் வச்சா மெயின் டக்ட் கிட்டத்தட்ட 5 சதுர அடி. அதை 12 இன்ச் உயரத்துக்குள்ள அடக்கினா அகலம் 5 அடி வரும். மேல இன்சுலேஷன், கீழ ஜிப்சம் போர்டு சேர்த்தா, 10 அடி ஹால்ல பீம் வர்ற இடத்துல தலைக்கு மேல எவ்வளவு மிஞ்சும்னு பாருங்க.

ரெண்டாவது, மொத்த மாடிக்கும் குளிரைக் கூட்டிக் குறைக்க ஒரே தெர்மோஸ்டாட். ராத்திரி ஒரு ரூம்ல ரெண்டு பேர் படுக்க மொத்த மாடியும் ஓடும். 11 டன் முழு லோடுல சுமார் 12 கிலோவாட் இழுக்கும். த்ரீ ஃபேஸும், ஈபில கூடுதல் லோடும் வாங்கணும். 2 மாசத்துக்கு ஒருமுறை வர்ற பில்லுல யூனிட் ஏற ஏற ஸ்லாப் ரேட்டும் ஏறும். ராத்திரி 8 மணி நேரம், சராசரியா 60 சதவீத லோடுன்னு வச்சாலே 2 மாசத்துக்கு 3,400 யூனிட் தாண்டும். ரெண்டு 1.5 டன் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் அதே நேரத்துக்கு 800க்குள்ள நிக்கும்.

விஆர்எஃப்ல ரூம் கன்ட்ரோல் உண்டுதான். ஆனா வெளி யூனிட் போர்டு போனா எல்லா ரூமும் ஒண்ணா நிக்கும். வயசானவங்க மட்டும் இருக்கற வீட்டுக்கு அது வேண்டாம்.

அப்படியும் டக்ட்தான்னா ரெண்டு 5.5 டன்னா பிரிங்க, 12க்கு 30 இன்ச் டக்ட் போதும். ரூம்ல இருந்து மெஷினுக்குத் திரும்பற ரிட்டர்ன் காத்துக்கு வழி இருக்கான்னு கேளுங்க, கதவு சாத்தினா ரூம் குளிராம போறதுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஃபில்டர் கழுவ 2க்கு 2 அடி திறப்பு விடணும். ஏசி தண்ணி வடியற ட்ரெயின் பைப் மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது சரியணும், அதுக்கும் இன்சுலேஷன் சுத்தணும். விட்டா ஜிப்சம்ல மஞ்சள் கறை, அப்புறம் சொட்டு.

அழகாபுரத்தான்:
அண்ணா, கொட்டேஷன்ல மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கு. ஜிஎஸ்டி 28 சதவீதம்னு போட்டிருக்காங்க.

டக்ட் வேலைக்காரர்:
ஏசிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 சதவீதம். பழைய தாளையே நீட்டியிருக்காங்க. மெஷின் மாடல், டக்ட் தகட்டோட கேஜ், இன்சுலேஷன் தடிமன், காப்பர் மீட்டர் ரேட், ஒயரிங், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் தனித்தனியா எழுதி வாங்குங்க. பணம் ஆர்டருக்கு 30 சதவீதம், சரக்கு இறங்கி சீரியல் நம்பர் பாத்ததும் 40, ஓட்டிக் காட்டினதும் மீதி. லீக் இருக்கான்னு பாக்க காப்பர் பைப்ல நைட்ரஜன் அடிச்சு, பிரஷர் மீட்டர் முள் 24 மணி நேரம் இறங்காம நிக்கணும். அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

பிளேனோ அக்கா:
அப்ப அடுத்த வாரப் பூச்சுக்கு முன்னாடி என்ன செய்யணும்னு சொல்லிடுங்க, பாவம் தம்பி.

டக்ட் வேலைக்காரர்:
பெட்ரூம் ரெண்டுக்கும் 1.5 டன் ஸ்ப்ளிட். மெஷின் ஒண்ணு 40,000ல இருந்து 50,000 வரும். ஹாலுக்கு இப்ப மெஷின் வேண்டாம், பைப்பும் ஒயரும் மட்டும் விடுங்க. சுவர்ல காடி வெட்டி காப்பர் பைப்பை இன்சுலேஷனோட பதிச்சு, ரெண்டு முனையையும் அடைச்சு வைக்கணும், இல்லைன்னா சிமென்ட் தூசி உள்ள போயிடும். ட்ரெயினுக்கு 25 மில்லி பிவிசி, வெளிப்பக்கம் சரிவா. ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பேனல்ல இருந்து தனியா 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், 20 ஆம்ப் எம்சிபி, சரியான எர்த். பூசறதுக்கு முன்னாடி ட்ரெயின்ல ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க. வெளி யூனிட்டை மேற்குச் சுவர்ல மாட்ட விடாதீங்க, சர்வீஸ்காரர் நிக்க இடம் இருக்கணும்.

அழகாபுரத்தான்:
அப்பாகிட்ட பேசிட்டேன். நாளைக்குப் பணம் கட்டல. மேஸ்திரி காடி வெட்டினதும் போட்டோ இங்கயே போடறேன் அண்ணா, பாத்துச் சொல்லுங்க.