பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஒருவன் எட்டு மாதமாக வாசலில் நிற்கிறான்

பாதிக்கிணறு | செவ்வாய், இரவு 10.40

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். 72,000 வார்த்தை ஆகிவிட்டது. பதினெட்டு அத்தியாயம் முழுசாக இருக்கிறது. பத்தொன்பதாவதில், பன்னிரண்டு வருடம் கழித்து வீடு திரும்பும் அண்ணன் வாசலுக்கு வந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறான். உள்ளே தங்கை இருக்கிறாள். அங்கே நின்றதுதான். எட்டு மாதமாகிறது, அவன் கை இன்னும் தாழ்ப்பாளில்தான்.

இந்த எட்டு மாதமும் சும்மா இருக்கவில்லை. முதல் அத்தியாயத்தைப் பதினோரு தடவை திருத்தினேன். படித்தவர்கள் எல்லாரும் ஆரம்பம் பிரமாதம் என்கிறார்கள். அப்புறம் எப்போது முடியும் என்று கேட்கிறார்கள், நான் பேச்சை மாற்றுகிறேன்.

கேள்வி இதுதான்: வந்தாலும் வராவிட்டாலும் தினம் இவ்வளவு என்று உட்கார்ந்து எழுதித் தள்ளுவதா, இல்லை தானாக வரும்வரை விட்டுவைப்பதா? நாவலை முடித்தவர்கள் சொல்லுங்கள். முடிக்காதவர்களும் சொல்லலாம், நானும் அந்தக் கட்சிதான்.

தினக்கணக்கு | செவ்வாய், இரவு 11.05

முதல் அத்தியாயத்தைப் பதினோரு தடவை திருத்துவதற்குப் பெயர் வேலை இல்லை, டிமிக்கி. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் கொடுத்தவன்தான். முடியாமல் கிடக்கிற நாவல் எதை எடுத்துப் பார்த்தாலும் முதல் அத்தியாயம் மட்டும் பளபளவென்று இருக்கும்.

அந்தோணி டிரோலப் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாவல் நாவலாக எழுதியவர். மொத்தம் 47. காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று மூன்று மணி நேரம். அப்புறம் ஆபீஸ். 'வரும்வரை விட்டுவைப்பது' என்ற சமாசாரமே கிடையாது.

என் கணக்கு தினம் 400 வார்த்தை. இரண்டு நாவல் முடித்திருக்கிறேன். ஒன்று சுமார், இன்னொன்று பரவாயில்லை. இரண்டுக்கும் கடைசிப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான் என் பெருமை.

ஈரமை | செவ்வாய், இரவு 11.48

டிரோலப்பை இழுத்தால் முழுசாக இழுங்கள் சார். அந்த மூன்று மணி நேரத்தில் முதல் அரைமணி முந்தின நாள் எழுதியதைத் திரும்பப் படிப்பதற்குத்தான் போகும். அதை மட்டும் எல்லாரும் விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நானும் கணக்கு வைத்து எழுதிப் பார்த்தேன். நவம்பர் மாதத்தில் 50,000 வார்த்தை எழுதும் நானோரைமோ என்ற சவால் 1999இல் தொடங்கியதே, அதன்படி. தினம் 1,667 வார்த்தை. முப்பதாம் நாள் ராத்திரி 50,012 காட்டியது. மறுநாள் படித்தேன். என் கதையில் எல்லாரும் திடீரென்று வாயாடிகளாகியிருந்தார்கள். 'தெரியாது' என்று சொல்லிவிட்டுப் போகவேண்டிய ஒரு கிழவர், தனக்கு ஏன் தெரியாது என்பதை ஒன்றரைப் பக்கம் விளக்கிக்கொண்டிருந்தார். ஒருத்தி நாலு பக்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே ஒன்றுமே நடக்கவில்லை. அதில் நான் வைத்துக்கொண்டது ஆறு பக்கம். மீதியை வெட்டி எறிய ஐந்து மாதம்.

டோல்கீன் தன் பெரிய நாவலில் பாத்திரங்களை ஒரு கல்லறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே விட்டிருக்கிறார். முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். பாதிக்கிணறு, உங்கள் அண்ணன் எட்டு மாதம்தானே நிற்கிறான்? நிற்கட்டும்.

தினக்கணக்கு | புதன், காலை 6.10

டோல்கீன் திரும்பி வந்தார், அதனால் அவர் நின்ற கதை நமக்குத் தெரிகிறது. நின்று, திரும்பாமலே போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய முன்னுரையை யார் படித்தோம்?

இன்றைய 400 முடிந்தது. உங்களுக்குப் பதில் எழுதியது அதில் சேராது.

வரைபடம் | புதன், காலை 9.20

இரண்டு பேரும் தப்பான இடத்தில் சண்டை போடுகிறீர்கள். முடிவு தெரியாமல் கிளம்பினால் தினம் எழுதினாலும் காட்டில்தான் சுற்றுவீர்கள், காத்திருந்தாலும் காட்டில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். அத்தியாயத்துக்கு ஒரு அட்டை. அதில் மூன்று வரி: யார் வருகிறார்கள், என்ன வேண்டும், கிடைத்ததா. அட்டைகளைத் தரையில் பரப்பிப் பார்த்தால் ஓட்டை தானாகத் தெரியும்.

கல்கி 1954இல் காலமானபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அவர் மகள் ஆனந்தி அதை முடித்தார், அப்பா விட்டுப்போன குறிப்புகளை வைத்துக்கொண்டு. குறிப்பு இருந்தால் எழுதியவரே இல்லாவிட்டாலும் நாவல் முடியும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஈரமை | புதன், காலை 9.41

அட்டை போட்டு எழுதியவர்களின் நாவலைப் படித்திருக்கிறேன். அட்டைதான் தெரியும்.

தினக்கணக்கு | புதன், காலை 10.02

கல்கி என்றதும் ஞாபகம் வருகிறது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்தது. முதல் அத்தியாயம் அச்சாகி வாசகர் கைக்குப் போய்விட்டது. பதினோரு தடவை திருத்த நினைத்தாலும் முடியாது, முன்னால் போவதைத் தவிர வழியே இல்லை. ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று நாவல்களாக எழுதியதும் தினம் ஒரு அத்தியாயமாக. 2014 ஜனவரியில் தொடங்கி 2020இல் முடித்தார், 26 நாவல். இவ்வளவும் காத்திருந்து வந்ததா?

ஈரமை | புதன், பகல் 1.15

மகாபாரதத்தில் அடுத்து யார் சாவார் என்பது நமக்கே தெரியும், எழுதுபவருக்குத் தெரியாதா? அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்து எழுதுவது ஒன்று, கதவைத் திறந்த பிறகுதான் தெரியும் என்று எழுதுவது வேறு. நம் நண்பர் இரண்டாவது ஜாதி. அவரிடம் போய் 'தினம் 400' என்றால், தாழ்ப்பாளைப் பற்றி 400, துருவைப் பற்றி 400 என்று எழுதிக்கொண்டே இருப்பார்.

காஃப்காவின் மூன்று நாவல்களும் முடியாதவை. அவற்றில் ஒன்று பாதி வாக்கியத்தில் நிற்கிறது. யாராவது குறை சொன்னோமா?

தினக்கணக்கு | புதன், பகல் 1.22

காஃப்காவாக இருந்தால் பரவாயில்லை.

பாதிக்கிணறு | புதன், பகல் 2.05

தாழ்ப்பாளைப் பற்றி ஏற்கெனவே ஒன்றரைப் பக்கம் எழுதி அழித்தேன். துரு அதில் உண்டு. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் ஈரமை?

மெய்ப்பு | புதன், மாலை 5.30

கைப்பிரதிகளில் பிழை திருத்துவது என் பிழைப்பு. இந்த 1,667 கணக்கைப் பற்றி மட்டும் ஒன்று. அது ஆங்கிலத்துக்குப் போட்டது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்' நமக்கு ஒரே வார்த்தை, ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஆறேழு வேண்டும். அவர்கள் இலக்கைத் தமிழில் அப்படியே வைத்தால் உண்மையில் நீங்கள் அவர்களைவிட நிறையவே எழுதுகிறீர்கள், அப்புறம் களைத்துப்போய் சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். 'வந்துகொண்டிருந்தான்' என்றால் ஒன்று, 'வந்து கொண்டு இருந்தான்' என்றால் மூன்று. ஸ்பேஸ் பாரைத் தட்டியே அன்றைய இலக்கை முடித்தவர்களை எனக்குத் தெரியும். பிரதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மாசக் கடைசியில் எல்லாம் பிரிந்து பிரிந்து கிடக்கும்.

ஆனால் ஈரமை, நீண்ட இடைவெளிக்கும் கூலி உண்டு. ஆறு மாதம் விட்டு எழுதிய இடம் எந்தப் பக்கம் என்று என்னால் சொல்லிவிட முடியும். ஏழாம் அத்தியாயத்தில் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த அப்பா இருபத்திரண்டில் இருமுவார். இடது காலை இழுத்து நடந்தவர் வலது காலை இழுப்பார். எழுதியவருக்குக் கதை ஞாபகம் இருக்கும், கால் ஞாபகம் இருக்காது.

தினக்கணக்கு | புதன், இரவு 8.15

அக்கா சொன்னது சரி. வார்த்தைக் கணக்கை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் நேரக் கணக்கை விடமாட்டேன். தினம் 45 நிமிடம் கோப்பு திறந்திருக்க வேண்டும். எழுதாவிட்டாலும் பரவாயில்லை, வேறு எதையும் செய்யக்கூடாது. முதல் அத்தியாயத்தைத் தொடக்கூடாது. எனக்கே முதல் இருபது நிமிடம் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஆனால் காலை இழுத்து நடப்பவர் எந்தக் காலை என்று மறக்கவும் மறக்காது.

ஈரமை | புதன், இரவு 8.50

வார்த்தையிலிருந்து நிமிடத்துக்கு இறங்கிவிட்டீர்கள். இன்னும் இரண்டு நாள் பேசினால் என் பக்கம் வந்துவிடுவீர்கள்.

குரல்பதிவு | புதன், இரவு 9.30

டைப் அடிக்காமல் பேசிப் பாருங்களேன். தஸ்தாயெவ்ஸ்கி 1866இல் ஒரு நாவலை 26 நாளில் சொல்லச் சொல்ல ஒரு பெண் சுருக்கெழுத்தில் எடுத்து முடித்தார்கள். இப்போது போனிலேயே வாய்ஸ் டைப்பிங் இருக்கிறது. நான் நடந்துகொண்டே பேசிவிடுவேன்.

ஈரமை | புதன், இரவு 9.44

நவம்பர் 1க்குள் தராவிட்டால் ஒன்பது வருடத்துக்கு அவர் எழுத்தைப் பதிப்பாளர் காசு கொடுக்காமல் போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். அப்படி ஒரு கத்தி கழுத்தில் இருந்தால் நானும் பேசுவேன்.

மெய்ப்பு | புதன், இரவு 9.52

போனில் பேசி எழுதியதைத் திருத்தக் கொடுக்கும் புண்ணியவான்கள் முதலில் ல, ள, ழ மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பவும். 'கிளி பிடித்தது' என்று ஒருவர் அனுப்பினார். கிளி எதைப் பிடித்தது என்று இரண்டு பக்கம் தேடினேன். கிலி.

பாதிக்கிணறு, உங்கள் பத்தொன்பதின் கடைசி வரிகளை இங்கே போடுங்கள். எல்லாரும் கதவைப் பற்றிப் பேசுகிறோம், கதவை யாரும் பார்க்கவில்லை.

பாதிக்கிணறு | புதன், இரவு 10.20

போடுகிறேன், கூச்சமாகத்தான் இருக்கிறது:

'செருப்பைப் படியிலேயே கழற்றினான். சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம். அவள்தான். தண்ணீர்க் குடத்தைத் தரையில் தேய்க்காமல் வைக்க அவளுக்கு எப்போதும் தெரியாது. அவன் தாழ்ப்பாளில் கை வைத்தான்.'

மெய்ப்பு | புதன், இரவு 10.37

குடம் நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும். கதவு சாத்தியிருக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறாள், அண்ணன் வெளியே நிற்கிறான். தாழ்ப்பாள் அவன் கைக்கு எப்படி வந்தது? அது உள்பக்கம் அல்லவா இருக்கும். வெளிப்பக்கம் நாதாங்கியைச் சொல்கிறீர்கள் என்றால், அது மாட்டியிருந்தால் தங்கையை யாரோ உள்ளே வைத்து அடைத்திருக்கிறார்கள் என்றாகிவிடும். கைப்பிடி என்று மாற்றலாம்.

ஓரத்துக்குறிப்பு | புதன், இரவு 10.40

எட்டு மாதம்!

பாதிக்கிணறு | வெள்ளி, காலை 7.15

நேற்று முழுக்க இந்தப் பக்கம் வரவில்லை. அக்கா சொன்னதும் முதலில் வெட்கமாக இருந்தது. கைப்பிடி என்று மாற்றிவிட்டுத் தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை. தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது என்றால் அதில் கை வைக்கவேண்டியது அவன் இல்லையே. பதினெட்டு அத்தியாயம் அவன் தோளுக்குப் பின்னாலேயே போய்ப் பழகிவிட்டது, அதனால் அவனே கதவையும் திறக்கவேண்டும் என்று எட்டு மாதமாக அவனைப் போட்டுப் படுத்தியிருக்கிறேன். அவனிடம் கதவைத் தட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. திறப்பதா வேண்டாமா என்பது அவள் பாடு.

நேற்று காலை கோப்பைத் திறந்தேன். முக்கால் மணி நேரம், தினக்கணக்கு சார் சொன்னபடி. முதல் பதினைந்து நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் குடத்தை வைத்தவள் நிமிர்ந்தாள். அவன் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது எனக்கே தெரியாது. நேற்று 610 வார்த்தை, இன்று 340.

தினக்கணக்கு | வெள்ளி, காலை 7.22

உட்கார்ந்தீர்கள், வந்தது. நான் வேறு என்ன சொன்னேன்?

ஈரமை | வெள்ளி, காலை 8.05

இதே ஆள் முன்னேயும்தான் உட்கார்ந்தார், துரு வந்தது. கதவின் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரிந்த பிறகு வந்திருக்கிறது. அதற்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

வரைபடம் | வெள்ளி, காலை 8.30

அட்டை போட்டிருந்தால் 'யார் கதவைத் திறக்கிறார்கள்' என்ற கேள்வி முதல் நாளே வந்திருக்கும். சொன்னால் கேட்கமாட்டீர்கள்.

மெய்ப்பு | வெள்ளி, காலை 8.55

நான் சொன்னது ஒரு சொற்பிழை. அதற்கு இவ்வளவு பேர் பங்கு கேட்கிறீர்கள்.

பாதிக்கிணறு, பதினெட்டு அத்தியாயம் அண்ணன் பக்கமிருந்து சொல்லிவிட்டுப் பத்தொன்பதில் தங்கைக்குத் தாவினால் வாசகர் ஒப்புக்கொள்வாரா? முன்னால் எங்காவது அவள் பக்கமிருந்து ஒரு அத்தியாயம் வைக்கவேண்டி வரலாம்.

தினக்கணக்கு | வெள்ளி, காலை 8.58

அக்கா, தயவுசெய்து அவரை மறுபடி முன்னால் அனுப்பாதீர்கள். முதலில் முடிக்கட்டும். ஒரு காகிதத்தில் 'நடுவில் தங்கை அத்தியாயம்' என்று எழுதி ஒட்டி வைக்கட்டும்.

வரைபடம் | வெள்ளி, காலை 9.00

அதற்குப் பெயர்தான் அட்டை.

ஈரமை | வெள்ளி, காலை 9.40

அதெல்லாம் இருக்கட்டும். அவள் திறந்தாளா?

பாதிக்கிணறு | வெள்ளி, காலை 10.12

இன்னும் இல்லை. அடுத்து என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் தொடங்குவது சுலபம் என்று ஹெமிங்வே சொல்வாராம். அதனால் இன்று வேண்டுமென்றே நிறுத்தினேன். தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறாள்.

தினக்கணக்கு | வெள்ளி, காலை 10.13

மறுபடியுமா!