ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கல்லூரி சேர்றதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்? (400 மீ தடை ஓட்டம், மதுரை)

திருமங்கலத்தான்:
வணக்கம். தங்கச்சி ப்ளஸ் டூ படிக்கிறா. 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம் ரெண்டும் ஓடுறா. குடியரசு தினப் போட்டியில குறுவட்டம், மாவட்டம் தாண்டி மாநிலம் வரை போயிருக்கா. மூணு இடத்துல கூப்பிடுறாங்க. ஒரு கல்லூரியில கல்விக் கட்டணம் முழுசா தள்ளுபடி. இன்னொண்ணுல ஹாஸ்டல், சாப்பாடும் சேர்த்து இலவசம். மூணாவது மதுரைக்கு வெளியே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். எங்க போனாலும் கோப்பை அலமாரியைத்தான் காட்டுறாங்க. நேர்ல போய் எதைப் பார்க்கணும், யார்கிட்ட என்ன கேட்கணும்? பி.எஸ்சி. வேதியியல் எடுக்க ஆசைப்படுறா.

தடகளம்_மதுரை:
தம்பி, கோப்பைக்கு முன்னாடி அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருதுன்னு பாருங்க. அகில இந்திய பல்கலைக்கழக மீட்டுக்குக் கல்லூரி பேர்ல யாரும் போக முடியாது. பல்கலைக்கழகத்து ஜெர்சியிலதான் ஓடணும். காமராசர் பல்கலைக்கழகத்துக் கல்லூரின்னா முதல்ல கல்லூரிகளுக்கு இடையிலான மீட்டுல ஜெயிக்கணும், அப்புறம் பல்கலைக்கழக அணியில இடம் பிடிக்கணும், அதுக்குப் பிறகுதான் ஏ.ஐ.யு. (இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம்) நடத்துற அந்த அகில இந்திய மீட். கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிக்கும் ஏ.ஐ.யு. முடிவை வச்சுத்தான் ஆள் எடுக்குறாங்க. மதுரையை ஒட்டியே இருந்தாலும் திருப்புவனம் தாண்டினா அழகப்பா பல்கலைக்கழகம். அங்க போட்டியாளர்களே வேற.

நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் அணியை நேரா அனுப்பும். அணியில இடம் சுலபமா கிடைக்கும், அது பெரிய வசதிதான். ஆனா கூட ஓட ஆள் இருக்கான்னு பாருங்க. 400 ஓடுற பிள்ளைக்கு தினமும் தனக்கு முன்னால ஓட ஒருத்தி வேணும். இல்லேன்னா முதல் வருஷ நேரமே மூணாம் வருஷமும் நிக்கும்.

போன வருஷக் காமராசர் மீட் முடிவுத் தாளை வாங்குங்க. 400, 400 தடை ரெண்டுலயும் முதல் மூணு பேர் நேரத்தைத் தங்கச்சி நேரத்தோட வச்சுப் பாருங்க. கை ஸ்டாப்வாட்ச் நேரம்னா 400-க்கு 0.14 விநாடி கூட்டிக்கங்க, அப்பத்தான் எலெக்ட்ரானிக் நேரத்தோட ஒப்பிடலாம். அந்த மூணு பேரும் எத்தனாவது வருஷம் படிக்கிறாங்கங்கறதும் முக்கியம். இறுதி வருஷம்னா இவ உள்ள போறப்ப அவங்க வெளிய போயிருப்பாங்க.

அடுத்து மைதானம். விழா நாள்லயோ டிரையல் நாள்லயோ போகாதீங்க. சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில 5.45-க்குப் போங்க. எத்தனை பேர் வார்ம் அப் பண்றாங்க, பயிற்சியாளர் வந்திருக்காரா, சீனியர் பிள்ளைகள் எத்தனை பேர் முழங்கால்ல பட்டை போட்டுக்கிட்டு ஓரத்துல உட்கார்ந்திருக்காங்கன்னு எண்ணுங்க. அந்தக் கடைசி எண்ணிக்கையை நான் கோப்பையை விடப் பெரிசா மதிப்பேன்.

தடைச் சட்டங்களைக் கையால தொட்டுப் பாருங்க. பெண்கள் 400 தடைக்கு உயரம் 76.2 செ.மீ., மொத்தம் 10 தடை. ஸ்டார்ட்ல இருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், நடுவுல 35, கடைசித் தடையில இருந்து ஃபினிஷுக்கு 40. ஒரு லேனுக்கு 10 நல்ல சட்டமாவது வேணும். பல இடத்துல 5, 6தான் இருக்கும், அதுலயும் அடியில இருக்கற எடைக்கட்டை காணாமப் போயிருக்கும். உயரத்தை மாத்தும்போது அந்தக் கட்டையையும் அதுக்குரிய இடத்துக்கு நகர்த்தணும். மேல் கட்டையை விரலால முன்பக்கமாத் தள்ளுங்க: சுமார் 3.6 கிலோ விசைக்குச் சாயணும். சாயாம விறைச்சு நின்னா பின்கால் முட்டி இடிச்சுப் புண்ணாகும். பிள்ளை பயந்து தடைக்கு முன்னாடி ஸ்டெப்பைக் குறைச்சுக் குறைச்சு ஓட ஆரம்பிச்சிடுவா, அந்தப் பழக்கம் லேசுல போகாது.

பயிற்சியாளர்கிட்ட ஒரே கேள்வி போதும்: "இவளை 35 மீட்டருக்கு எத்தனை ஸ்டெப்ல ஓட வைப்பீங்க?" தடை ஓட்டம் தெரிஞ்சவர்னா 17-ல ஆரம்பிச்சு 15-க்குக் கொண்டு வர்றது பத்தியும், 16-னா ரெண்டு காலாலயும் தாண்டப் பழகணும்னும் பேசுவார். பாதிக் கல்லூரிகள்ல உடற்கல்வி இயக்குநர் ஒருத்தர்தான் எல்லா விளையாட்டுக்கும். அவரோட சொந்த விளையாட்டு வாலிபால்னா அது தப்பில்ல, ஆனா தடகளத்துக்குப் பகுதிநேரப் பயிற்சியாளர் வர்றாரா, வாரத்துல எத்தனை நாள்னு கேளுங்க.

வைகைக்கரை:
மேல சொன்னது எல்லாம் சரி. பெண் பிள்ளைங்கறதால இதையும் சேர்த்துக்கங்க தம்பி. வெளியூர் மீட்டுக்குப் பெண் மேலாளர் கூடப் போறாங்களா? மைதானத்துக்குப் பக்கத்துல உடை மாத்த அறையும் தண்ணி வர்ற கழிப்பறையும் இருக்கா? உள் புகார்க் குழு யார் யாருன்னு நோட்டீஸ் போர்டுல இருக்கா? இதைக் கேட்கக் கூச்சப்படாதீங்க. கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்துல சேர்க்காதீங்க.

ஹாஸ்டல் இலவசம்னா மெஸ் நேரத்தைப் பாருங்க. காலைப் பயிற்சி 7.30-க்கு முடியும், டிபன் 8 மணிக்கு மூடிடுவாங்க, 9-க்கு வகுப்பு. நடுவுல குளிச்சுத் துணி மாத்தணும். விளையாட்டுப் பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்து வைக்கிற வழக்கம் இல்லேன்னா வாரத்துல மூணு நாள் வெறும் வயித்தோட வகுப்புக்குப் போவா. முட்டை, பால், சுண்டல் தனியாத் தர்றாங்களா, அது லீவு நாள்லயும் உண்டான்னு கேளுங்க. சேர்க்கிறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் ஒரு தடவை பாருங்க. 12-க்குக் கீழ இருந்தா 400-ல கடைசி 100 மீட்டர்ல கால் இழுக்கும். பயிற்சி பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஓட வைப்பாங்க, பிள்ளை இன்னும் சோர்ந்து போவா.

வேதியியல் எடுத்தா பிராக்டிகல் இருக்கு. மீட்டுக்குப் போற நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுத்தா வருகைப்பதிவு வந்துடும், ஆனா விட்டுப்போன பிராக்டிகலை யார் திரும்ப நடத்துவா? துறைத் தலைவரையே பார்த்துக் கேளுங்க, பி.டி. சார் சொல்றதை மட்டும் நம்பிப் போகாதீங்க. நவம்பர் செமஸ்டரும் மீட்டும் மோதினா தனித் தேர்வு உண்டா, இல்ல அரியர்தானா? இப்போ மூணாம் வருஷம் படிக்கிற விளையாட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேர்கிட்ட அரியர் எத்தனைன்னு கேட்டாலே விடை தெரிஞ்சுடும்.

மூணாவது_வளைவு:
காசு விஷயம். "முழு தள்ளுபடி"ன்னா பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் மட்டும்தான். தேர்வுக் கட்டணம், லேப், பேருந்து எல்லாம் தனி. முதல்வர் கையெழுத்தோட கடிதம் வாங்குங்க. அதுல மூணு வருஷத்துக்குமா, இல்ல வருஷா வருஷம் பதக்கம் காட்டினாத்தானா, காயம் பட்டு ஒரு சீசன் ஓடலைன்னா என்ன ஆகும்னு மூணும் எழுத்துல இருக்கணும். வாய் வார்த்தை ஜூன்ல இருக்கும், அடுத்த ஜூன்ல இருக்காது. ஒரிஜினல் மார்க் ஷீட்டைச் சரிபார்த்ததும் திருப்பி வாங்கிடுங்க. கல்லூரி பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு யு.ஜி.சி. 2018-லயே சொல்லியாச்சு.

பல்கலைக்கழக அணிக்கு ஓடினா அதுக்கான சான்றுப் படிவம், அதாவது படிவம் 3 (Form 3), கேட்டு வாங்கணும். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு அந்தப் படிவம்தான் பேசும், கல்லூரி கொடுக்கிற அழகான சான்றிதழ் பேசாது. கையெழுத்து பல்கலைக்கழக உடற்கல்வி இயக்குநரோடதா இருக்கணும். மீட் முடிஞ்ச கையோட வாங்கிடுங்க. படிப்பு முடிஞ்சு அஞ்சு வருஷம் கழிச்சுப் போனா பதிவேட்டைத் தேடறதுக்கே மாசக்கணக்காகும்.

திருமங்கலத்தான்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே எல்லாருக்கும். ஹாஸ்டல் இலவசம்னு சொல்ற கல்லூரியில 200 மீட்டர் மண் டிராக்தான் இருக்கு. அது பரவாயில்லையா?

தடகளம்_மதுரை:
ஸ்டார்ட், டிரில், நீள ஓட்டம் இதுக்கெல்லாம் போதும். தடைக்குப் போதாது. 200 மீட்டர் சுத்துல வளைவு ரொம்ப இறுக்கம், 35 மீட்டர் இடைவெளியில ஸ்டெப் கணக்கு ஒத்து வராது. வளைவுல இடது காலை முன்ன விட்டுத் தாண்டப் பழகுறதுக்கும் சரியான வளைவு வேணும். வலது காலை முன்ன விட்டா இடது பாதம் தடைக்கு வெளிய, கட்டை மட்டத்துக்குக் கீழ போய் தகுதி நீக்கம் ஆகிடலாம்.

அதனால வாரத்துக்கு ரெண்டு நாளாவது ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியம் சிந்தெடிக் டிராக்குக்குக் கூட்டிட்டுப் போறாங்களான்னு கேளுங்க. வண்டி யாரோடது, மைதானக் கட்டணம் யார் கட்டுறாங்கன்னும் கேளுங்க. தெப்பக்குளமோ பசுமலையோ, அங்க இருந்து டவுன் பஸ்ல போய்த் திரும்பினா காலை வகுப்பு போச்சு, அப்போ மாலைப் பயிற்சிதான் சரிப்படும். மண்ணுல இருந்து சிந்தெடிக்குக்கு மாறும்போது முதல் மூணு வாரம் கெண்டைக்கால் வலிக்கும். ஸ்பைக்ஸ் (ஆணி வச்ச ஷூ) போட்டு ஓடறதை வாரம் ஒரு நாள்ல ஆரம்பிக்கச் சொல்லுங்க, அடியில இருக்கற ஆணி (பின்) 6 மி.மீ. போதும். மண்ணுக்குப் போட்ட 12 மி.மீ. பின்னோட சிந்தெடிக்ல இறங்க விடமாட்டாங்க, அதனால மாத்துற சாவியையும் பையில போட்டு விடுங்க.