இடத்துக்கு இடம் பொருள் மாறும் ஆங்கில வினைச்சொற்கள்: எங்கே காலை வாரும்?

திரி தொடங்கியவர்:
அகராதியின் முதல் பொருளைப் பார்த்துவிட்டு நகர்ந்தால் மாட்டிவிடும் வினைச்சொற்களைப் பகிருங்கள். எந்த இடத்தில் வரும், அங்கே என்ன பொருள், எதை வைத்துப் பிரித்தறிவது, மூன்றும் இருக்கட்டும். 'கெட்', 'டேக்' என்று நீளப் பட்டியல் வேண்டாம். அது எல்லா கைடிலும் கிடைக்கிறது.

வார்டு ஆங்கிலம்:
பிரிட்டன் வேலைக்குத் தயாராகும் நர்ஸ்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது 'கோ ஆஃப்'. "தி அலாரம் வென்ட் ஆஃப்" என்றால் அலாரம் அடித்தது. ஸ்விட்ச் ஆஃப் கேட்டுப் பழகிய காது இதை 'நின்றுபோச்சு' என்று எடுத்துக்கொள்ளும். ஐசியூவில் இந்தக் குழப்பம் விளையாட்டல்ல.

எழுவாயைப் பாருங்கள், பிடிபட்டுவிடும். அலாரம், சைரன், வெடிகுண்டு, துப்பாக்கி எல்லாம் திடீரெனக் கிளம்புபவை. அவை 'கோ ஆஃப்' ஆனால் அடித்தது, வெடித்தது. விளக்கும் ஹீட்டரும் ஓடிக்கொண்டிருப்பவை. அவை நின்றுபோகும். பால், மீன், கறி என்றால் கெட்டுப்போச்சு. நோயாளியைப் பற்றி "ஷீ ஹேஸ் கான் ஆஃப் ஹர் ஃபுட்" என்று சொன்னால் அவருக்குச் சாப்பாடே பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது 'பாஸ்'. 'பாஸ்டு அவே' இறந்துவிட்டார், 'பாஸ்டு அவுட்' மயங்கி விழுந்தார். இரண்டையும் மாற்றிச் சொன்னால் உறவினர் கதி என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'பாஸ்டு வாட்டர்' சிறுநீர் கழித்தார், 'பாஸ்டு எ ஸ்டோன்' சிறுநீரகக் கல் வெளியே வந்தது. வயிற்று அறுவைக்குப் பிறகு "ஹேவ் யூ பாஸ்டு விண்ட்?" என்று கேட்பார்கள். குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதா என்று அறியத்தான். கூச்சப்பட வேண்டாம், காற்றுப் பிரிந்ததா என்று நம் டாக்டர்கள் கேட்பதில்லையா?

ஷிஃப்ட் மாறும்போது "ஷீ ப்ராட் அப் ஹர் பிரேக்ஃபாஸ்ட்" என்றால் காலைச் சாப்பாட்டை வாந்தி எடுத்தார். "ஹீ கேம் ரவுண்ட் அட் டென்" என்பதை ரெகவரி அறையில் சொன்னால் பத்து மணிக்கு மயக்கம் தெளிந்தது. வீட்டு வாசலில் சொன்னால் பத்து மணிக்கு வந்து போனார்.

மெயில் திருத்துபவர்:
'பாஸ் அவுட்' பற்றி ஒரு கூடுதல். நம் ஊர் பயோடேட்டாவில் "பாஸ்டு அவுட் இன் 2019" சர்வசாதாரணம். பிரிட்டனில் ராணுவ, போலீஸ் பயிற்சி முடித்தவர்களுக்கு இந்தச் சொல் பொருந்தும், சென்னை பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியின் பாஸிங் அவுட் பரேடு அந்த வழியில் வந்தது. கல்லூரிக்கு இது இந்திய வழக்கு. அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால் 'கிராஜுவேட்டட் இன் 2019' என்று மாற்றிவிடுங்கள்.

'ரிவர்ட்' அதேபோல. 'ப்ளீஸ் ரிவர்ட் பை ஃபிரைடே' என்றால் இங்கே பதில் போடுங்கள் என்று புரியும். பல நாடுகளில் இதற்கு 'பழைய நிலைக்குத் திரும்பு' என்பது மட்டுமே பொருள். சாஃப்ட்வேர் குழுவுக்கு இப்படி மெயில் போனால், செய்த மாற்றத்தை நீக்கச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 'ரிப்ளை' போதும்.

'டேபிள்' இதைவிட மோசம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஒன்றை 'டேபிள்' செய்வது அவையில் விவாதத்துக்கு வைப்பது, அமெரிக்காவில் அதே சொல் விவாதத்தைத் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகள் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் சண்டை போட்டார்கள், கடைசியில் இரு தரப்பும் கேட்டது ஒன்றுதான் என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

பத்திர மொழிபெயர்ப்பு:
சட்டத்துக்கு வாருங்கள். 'டிடர்மின்' என்றால் தீர்மானி என்று பள்ளியில் படித்தோம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 111ஆம் பிரிவு, ஒரு 'லீஸ்' எப்படியெல்லாம் 'டிடர்மின்' ஆகும் என்று சொல்கிறது. அங்கே பொருள் முடிவுக்கு வருதல். 'குத்தகை தீர்மானிக்கப்படும்' என்று எழுதினால் வாக்கியமே செத்துப்போகும். செயப்படுபொருள் இல்லாமல், ஒப்பந்தமோ குத்தகையோ எழுவாயாக நின்றால் 'முடிவுறும்' என்று எழுதுங்கள்.

'எக்ஸிக்யூட்' தூக்குத் தண்டனை, புரோகிராம் ஓட்டுவது இரண்டுக்கும் ஆகும். பத்திரத்தோடு வந்தால் கையெழுத்திட்டு எழுதிக் கொடுப்பது. வில்லங்கச் சான்றில் 'எழுதிக் கொடுத்தவர்' என்று இருக்கிறதே, அவர்தான் ஆங்கிலத்தில் 'எக்ஸிக்யூட்டன்ட்'.

'ரென்ட்' இருபுறமும் வெட்டும். "ஹீ ரென்ட்ஸ் எ ஹவுஸ் இன் தாம்பரம்" என்பதில் அவர் குடியிருப்பவரா உரிமையாளரா? பின்னால் 'ஃப்ரம்' வந்தால் வாடகைக்கு எடுத்தவர். 'டு' வந்தாலோ 'ரென்ட் அவுட்' என்றாலோ விட்டவர். எதுவுமே இல்லையென்றால் முன்பின் பத்தியைப் படிக்காமல் மொழிபெயர்க்காதீர்கள். தமிழில் விடு, எடு என்று பிரித்துச் சொல்லியே ஆகவேண்டும், மழுப்ப முடியாது.

'சாங்ஷன்' வங்கிக் கடன் பக்கம் அனுமதி, ஐ.நா. பக்கம் தண்டனை.

இலக்கண வாத்தியார்:
எல்லோரும் பக்கத்துச் சொல்லைச் சொன்னீர்கள். '-இங்' கூடப் பொருளை மாற்றும். 'ஐ சீ எ டாக்டர்' என்றால் டாக்டர் கண்ணில் படுகிறார். 'ஐ ஆம் சீயிங் எ டாக்டர்' என்றால் டாக்டரிடம் போகிறேன், சமயத்தில் டாக்டரைக் காதலிக்கிறேன் என்றும் ஆகும். 'ஹேவ்' உடைமையைக் குறித்தால் '-இங்' ஏற்காது, அதனால் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' தவறு. சாப்பிடுவதைக் குறித்தால் ஏற்கும், 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' சரி.

அடிக்கடி வரும் இன்னொரு பிழை 'டர்ன் ஆஃப் இட்'. 'இட்', 'தெம்' போன்ற சிறு சொல் நடுவில்தான் உட்காரும்: 'டர்ன் இட் ஆஃப்'. ஆனால் 'லுக் ஆஃப்டர்' பிரியாது, 'லுக் ஆஃப்டர் ஹிம்' தான். எது பிரியும் என்று ஊகிக்க வேண்டாம். மாணவர் அகராதிகள் பலவற்றில் பிரியக்கூடியவற்றுக்கு இரட்டை அம்புக்குறி இருக்கும்.

திரி தொடங்கியவர்:
வாத்தியாரே, எந்த அகராதி? பெரிய ஆக்ஸ்போர்டு வாங்கலாமா?

இலக்கண வாத்தியார்:
வேண்டாம். 1989இல் வந்த அதன் 20 தொகுதிப் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் 430க்கு மேல் பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில். அதில் பழைய பொருள் முன்னால் வரும், இன்றைய பொருள் எங்கோ கிடக்கும். மாணவர் அகராதி அதிகம் புழங்கும் பொருளை முன்னால் வைக்கும். நீண்ட பதிவுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் தலையில் ஒரு குறிப்புச் சொல் இருக்கும். முதலில் அவற்றை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள், உங்கள் வாக்கியத்துக்குப் பொருந்தும் இடத்தில் நின்று எடுத்துக்காட்டைப் படியுங்கள்.

வார்டு ஆங்கிலம்:
நோட்டில் எழுதும்போது 'ரன் - ஓடு' என்று எழுதாதீர்கள். 'ரன் எ டெம்பரேச்சர் - காய்ச்சல் அடிக்குது', 'ரன் அவுட் ஆஃப் க்ளவ்ஸ் - கையுறை தீர்ந்துபோச்சு', 'ரன் எ டெஸ்ட் - டெஸ்ட் எடு' என்று கூட்டாளியோடு எழுதுங்கள். தமிழில் வாந்தி எடு, பசி எடு, டிக்கெட் எடு, பாடம் எடு என்று நாம் குழம்பாமல் பேசுவது இப்படித்தானே? ஒரு வினைக்கு ஒரு வாரத்தில் மூன்று கூட்டு போதும். அதற்கு மேல் போனால் ஒன்றோடொன்று கலந்துவிடும், குறிப்பாக 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப்' மூன்றையும் ஒரே நாளில் தொடாதீர்கள்.