சண்டையே நடக்காத கேனரித் தீவுகள் எப்படிப் பஞ்சத்தில் விழுந்தன?

களக்காட்டான்:
வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாழைதான், பெரும்பாலும் ஏத்தன். அதனால் வாழை என்று எங்கே கண்ணில் பட்டாலும் உட்கார்ந்து வாசித்துவிடுவேன். அப்படிப் போனதில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் மாட்டிக்கொண்டேன். ஸ்பெயின் கரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஆப்பிரிக்காவை ஒட்டிக் கிடக்கிற தீவுகள். 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அங்கே போர்முனையே கிடையாதாம். ஆனால் போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சனங்கள் திருட்டுத்தனமாகப் படகேறி வெனிசுலாவுக்கு ஓடியிருக்கிறார்கள். தோட்டம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, அப்புறம் என்ன கேடு வந்தது? காற்றடித்து வாழை சாய்ந்தால் காரணம் தெரியும், இது காற்றே அடிக்காமல் சாய்ந்த தோட்டமாக இருக்கிறதே.

உவரிக் கப்பல்காரன்:
தம்பி, நான் சரக்குக் கப்பலில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியவன். அந்தத் தீவுகளின் துறைமுகமான லாஸ் பால்மாஸில் எண்ணெய் பிடிக்க நாலைந்து தடவை நின்றிருக்கிறோம். கரையில் இறங்கிக் கடைத்தெருவுக்குப் போனால் சிந்திக்காரர்கள் கடை! எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேரம் பேசி ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன், இன்னும் ஓடுகிறது. இவ்வளவு தூரம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, எல்லாம் சுங்கம் இல்லாத துறைமுகத்தால்தான் என்றார் கடைக்காரர். அதுதான் அந்தத் தீவுகளின் உயிர்நாடி.

சண்டை இல்லை என்பது சரி. ரத்தமே சிந்தவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. பின்னால் இந்தப் போரில் ஜெயித்து ஸ்பெயினை ஆண்ட தளபதி ஃபிராங்கோ கண்காணாத இடத்தில் கிடக்கட்டும் என்றுதான் 1936 தொடக்கத்தில் குடியரசு அரசாங்கம் அவரைக் கேனரிக்கு மாற்றியது. ஜூலை 18 அன்று அங்கிருந்துதான், இங்கிலாந்தில் வாடகைக்குப் பிடித்த விமானத்தில் ஏறி, மொராக்கோவில் இருந்த ஸ்பெயின் படையிடம் போய்க் கலகத்தில் இறங்கினார். சில நாளிலேயே தீவுகள் ராணுவத்தின் கையில். தொழிற்சங்கக்காரர்கள், வாத்தியார்கள் என்று ஆளைப் பிடித்து, டெனரீஃப் தீவின் சாந்தா குரூஸில் எங்கே அடைத்தார்கள் தெரியுமா? ஃபைஃப்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் வாழைப்பழக் கிட்டங்கியில். குலை அடுக்குகிற இடத்தில் மனுஷனை அடுக்கினார்கள். அந்தச் சிறைக்கே ஃபைஃப்ஸ் என்றுதான் பெயர்.

பாளை வாத்தியார்:
அண்ணாச்சி சொன்ன அந்தச் சுங்கமில்லாத் துறைமுகத்திலேயே விடை இருக்கிறது. 1852-ல் ஸ்பெயின் அரசு அந்தச் சலுகையைக் கொடுத்தது. ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் போகிற கப்பல்கள் நிலக்கரி ஏற்ற அங்கே நின்றன. அந்தக் கப்பல்களிலேயே வாழைக்குலையும் தக்காளியும் லண்டனுக்குப் போயின. தீவில் விளையும் தானியம் வாய்க்கு எட்டாது, பழத்தை விற்றுத்தான் கோதுமையும் உரமும் வாங்க வேண்டும். ஆக மாட்ரிட்டை விட லண்டன்தான் அவர்களுக்குப் பக்கம்.

போருக்குப் பிறகு ஃபிராங்கோ பிடித்த கொள்கை தற்சார்பு. வெளிநாட்டு வணிகம் முழுக்க அரசாங்கத்தின் பிடியில். பழம் விற்று வந்த பிரிட்டிஷ் பவுண்டை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, அது வைத்த மாற்று விலையில் ஸ்பெயின் பணமான பெசெட்டா வாங்கிக்கொள்ள வேண்டும். உரம் இறக்கவும் அனுமதி வாங்க வேண்டும், கோதுமை இறக்கவும் அனுமதி வாங்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் துறைமுகம் திறந்துதான் இருந்தது, பூட்டு மட்டும் தொங்கியது! அதோடு உலகப் போர் வேறு. 1940 நவம்பரில் பிரிட்டன் வாழைப்பழ இறக்குமதியையே நிறுத்திவிட்டது. 1941 முதல் 1946 வரை தீவுகளின் மொத்தப் பொருளாதாரமும் ஒரு ராணுவத் தளபதியின் கீழ். ரேஷன் 1952 வரைக்கும் இருந்தது, கூடவே கள்ளச்சந்தையும். அதற்கு ஸ்பெயினில் 'எஸ்ட்ராபெர்லோ' என்று பெயர். 1935-ல் லெரூ என்ற அரசியல் தலைவரையும் அவர் கட்சியையும் கவிழ்த்த ஒரு சூதாட்ட எந்திர ஊழலின் பெயர் அது. அரிசி மூட்டையைப் பதுக்கி விற்பதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

ராதாபுரம் மானாவாரி:
எல்லாப் பழியையும் ஃபிராங்கோ தலையில் கட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்தத் தீவுக்கு ஒரே பயிரை நம்பிக் கெடுவது பழைய வியாதி. ஒரு காலத்தில் கரும்பு, அப்புறம் திராட்சை மது, அப்புறம் பூச்சி. ஆமாம், பூச்சிதான். நாகதாளிக் கள்ளியின் மடலில் வெள்ளையாக மாவு பூத்த மாதிரி ஒட்டியிருக்கும், நசுக்கினால் விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. அதைச் சுரண்டிக் காயவைத்துச் சாயத்துக்கு விற்றார்கள். 1850, 60களில் காடு கரையெல்லாம் கள்ளி நட்டுக் கொழித்தார்கள். ஐரோப்பாவில் ரசாயனச் சாயம் வந்ததும் 1870களில் விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. அதே சமயம் மாட்ரிட்டில் ராணியைத் துரத்தினார்கள், புது ராஜா வந்தார், அவரும் போனார், குடியரசு வந்தது, அதுவும் இரண்டு வருஷம் தாங்கவில்லை. ஆனால் தீவுக்காரனைக் கியூபாவுக்குக் கப்பலேற்றியது அந்தக் கூத்து இல்லை, சாயத்தின் விலை.

வாழைக்கும் 1932-லேயே இடி விழுந்துவிட்டது. பிரிட்டன் தன் பேரரசுக்குள் விளைகிற சரக்குக்குச் சலுகை கொடுத்ததும் ஜமைக்கா பழம் முந்திக்கொண்டது. போர் வந்தபோதே இவர்கள் பாதி சாய்ந்துதான் நின்றார்கள்.

இன்னொன்று, அந்தப் பூச்சியின் பங்காளி ஒன்று நம்மூருக்கும் வந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து நாகதாளியில் விட்டார்கள். அங்கே பூச்சிக்காகக் கள்ளி வளர்த்தார்கள், இங்கே கள்ளியை ஒழிக்கப் பூச்சியை வளர்த்தார்கள். வேலிக்குக் கள்ளி இல்லாமல் போச்சே என்று என் தாத்தா புலம்பியது காதிலேயே இருக்கிறது.

பாளை வாத்தியார்:
ஒத்தைப் பயிர் என்பது சரியான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம். கள்ளி கவிழ்ந்தபோது துறைமுகம் திறந்திருந்தது, வாழைக்கு மாறிக்கொள்ள வழி இருந்தது, கியூபாவுக்குச் சட்டப்படி போக வழி இருந்தது. 1940களில் அதுவும் இல்லை. அதனால்தான் கள்ளத்தோணி. நம் பெரியவர்கள் தோணியேறி இலங்கைக்குப் போனதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இவர்கள் கடந்தது மன்னார் வளைகுடா இல்லை, அட்லாண்டிக். 1950-ல் அங்குள்ள லா கோமேரா தீவிலிருந்து 'டெலிமாக்கோ' என்ற பாய்மரப் படகில் 171 பேர் போனார்கள், அதில் ஒரே ஒரு பெண். இன்றைக்கும் அங்கே வெனிசுலாவை எட்டாவது தீவு என்பார்கள்.

களக்காட்டான்:
கிட்டங்கி விஷயத்தைப் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. நாளைக்குக் குலை வெட்டு, எங்கள் மண்டிக்குள் நுழையும்போது அதுதான் ஞாபகம் வரும். சரி, பஞ்ச காலத்தில் என்னதான் தின்றார்கள்?

உவரிக் கப்பல்காரன்:
கோஃபியோ. தானியத்தை வறுத்துத் திரித்த மாவு, பாலிலோ குழம்பிலோ கரைத்துக் குடிப்பார்கள். ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன், வீட்டில் சத்துமாவு என்று நினைத்துக் கருப்பட்டி போட்டு உருண்டை பிடித்துவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.