மறு: லாங்ஷோர் ட்ரிஃப்ட் – 'நெடுக்கு மணலோட்டம்' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

சாய்வாக வரும் அலையால் மணல் கரை நெடுக நகர்ந்து போவதை ஆங்கிலத்தில் லாங்ஷோர் ட்ரிஃப்ட் என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை கரையோர நீரோட்டம், ஓத நகர்வு, கரைவழி நகர்வு, அலைவாய் மணலோட்டம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் வடசென்னைத் திருவொற்றியூர்க்காரன். நாம் பெயர் தேடும் இந்த நிகழ்வு எங்கள் பக்கத்துத் தெருக்களையே மாற்றியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கரையோர நீரோட்டம் என்பதே போதுமே, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

போதாது ஐயா. அந்தப் பெயருக்குப் பொருந்தும் ஓட்டங்கள் நம் கரையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, கரையை விட்டுத் தள்ளி, இந்தியக் கிழக்குக் கரை நெடுகிலும் ஓடும் பெரிய ஓட்டம். கோடைக்கு முன்பே வடக்கு நோக்கி ஓடத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறி, வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீரைத் தெற்கே கொண்டுவரும். சென்னைக் கடலில் தொழில் செய்பவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் பிரித்துச் சொல்வார்கள். இன்னொன்று, அலை உடையும் குறுகிய பட்டைக்குள் மட்டும் ஓடுவது. காற்றும் நீரின் அடர்த்தி வேறுபாடும் முதலாவதை ஓட்டுகின்றன, இரண்டாவதை ஓட்டுவது சாய்வாக வந்து உடையும் அலை. இரண்டும் ஒரே நாளில் எதிரெதிர்த் திசையில்கூட ஓடலாம்.

அப்புறம், நாம் பெயர் தேடுவது இந்த இரண்டுக்குமே இல்லை. அந்த நீர் தூக்கிக்கொண்டு போகும் மணலுக்கு. பெயரில் மணல் வந்தாக வேண்டும் என்பதுதான் என் முதல் கோரிக்கை.

> ஓத நகர்வு?

ஓதம் கடலின் ஏற்றவற்றத்தைச் சொல்லும் அழகான பழஞ்சொல், ஆனால் அதன் இடம் வேறு. சென்னையில் உவா (அமாவாசை, பௌர்ணமி) நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். எங்கள் கரையில் மணலை நகர்த்தும் முதன்மை விசை அலை. ஆழ்கடலில் அலை கடந்து போகும்போது நீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது. கரையருகே ஆழம் குறைந்து அலை உடையும்போதுதான் நீர் முன்னால் பாய்கிறது. அலை சாய்ந்து வந்தால் மணலும் சாய்ந்து மேலே ஏறும். திரும்பும்போது சரிவு எப்படியோ அப்படி நேராகக் கீழே இறங்கும். மறுபடி சாய்ந்து ஏறும், நேராக இறங்கும். இப்படி ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியே கரை நெடுக நகர்ந்துவிடும். உடையும் பட்டைக்குள் கலங்கி மிதக்கும் மணலை அந்த ஓட்டமே நேராகத் தள்ளிக்கொண்டு போகும். கடற்கரைப் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரத்தின்படி, அலையின் உயரம் இரண்டு மடங்கானால் நகரும் மணல் ஐந்து மடங்குக்கு மேல் கூடும். அதனால் சில நாள் கொந்தளிப்பு பல வார வேலையைச் செய்துவிடும்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை தெற்கிலிருந்து சாய்ந்து வரும், மணல் வடக்கே போகும். ஐப்பசி, கார்த்திகையில் இது தலைகீழாகும். ஆனால் வடக்கே போகும் மாதங்கள் அதிகம். ஆண்டுக் கணக்கை நேர்செய்து பார்த்தால் மிச்சம் வடக்கு நோக்கித்தான். இந்த மிச்சத்துக்கு 'நிகர' என்ற முன்னொட்டே போதும்.

சென்னைத் துறைமுகத்தைவிட இதற்குச் சிறந்த பாடம் கிடையாது. 1870களில் கடலுக்குள் கல்லைக் கொட்டி இரண்டு கைகள் மாதிரி அலைத்தடுப்புச் சுவர்களை நீட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அந்த வேலையைப் பெரிதும் சிதைத்தது, திரும்பவும் கட்டினார்கள். முதலில் வாயில் கிழக்கே பார்த்து இருந்தது. வடக்கே போக வேண்டிய மணல் தெற்குக் கையில் முட்டித் தேங்கியது, சுற்றிக்கொண்டு வந்து வாயிலையும் மேடாக்கியது. கடைசியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு வாயிலை அடைத்துவிட்டு வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள். தேங்கிய மணல்தான் மெரினாவை இவ்வளவு அகலமாக்கியது. ஊரே மாலையில் காற்று வாங்கும் அந்த மணல், துறைமுகம் இல்லாதிருந்தால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வழியாக வடக்கே போயிருக்கும். போகவில்லை. அலை மட்டும் பழையபடி எங்கள் கரையிலிருந்து மணலை எடுத்துக்கொண்டே இருந்தது, தெற்கிலிருந்து ஈடு வரவில்லை. வீடுகள் போயின, சாலை ஓரம் இடிந்தது. பாறாங்கல் கொட்டினார்கள். பின்னர் கடலுக்குள் குறுக்குச் சுவர்கள் நீட்டினார்கள். அந்தச் சுவர்களின் தெற்குப் பக்கம் மண் ஏறியது, வடக்குப் பக்கத்துக் கரை அடுத்த அரிப்புக்கு ஆளானது.

இதைச் செய்தியில் எழுதும்போது 'கடல் சீற்றம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. சீற்றம் என்றால் யாரும் பொறுப்பில்லை. மணல் வருகிறது, போகிறது, நடுவில் மறிக்கப்படுகிறது என்பதைச் சொல்ல ஒரு சொல் இருந்தால்தான் எங்கே மறித்தார்கள் என்ற கேள்வி வரும். எண்ணூரில் 2001ல் துறைமுகம் திறந்தபின் காட்டுப்பள்ளிப் பக்கம் நடப்பதைப் பேசவும் இந்தச் சொல் வேண்டும்.

> கரைவழி நகர்வு?

'கடல்வழி, கரைவழி' என்று சேர்த்துச் சொன்னால் கரைவழி என்பது தரைமார்க்கம் ஆகிவிடும். கட்டுமரத்தில் போகாமல் நடந்து போனால் கரைவழி. குழப்பும்.

> அலைவாய் மணலோட்டம்?

இது எனக்கு மிகவும் பிடித்தது. அலை உடையும் பட்டைக்கு 'அலைவாய்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டைக்குள் மணல் இரண்டு விதமாக நகர்கிறது. ஒன்று, கரை நெடுக. இன்னொன்று, கரையிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து கரைக்கும். மழைக்காலக் கொந்தளிப்பில் மணல் உள்ளே போய்த் திட்டாகப் படியும், கடல் அமைதியான மாதங்களில் மெதுவாகக் கரை ஏறும். இந்த மணல் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். கரை நெடுகப் போய் மறிக்கப்பட்ட மணல் திரும்பாது. ஆகவே சொல்லில் திசையும் வேண்டும்.

'குறுக்கும் நெடுக்கும்' என்று எல்லாரும் பேசுகிறோம். குறுக்குவெட்டு, நெடுக்குவெட்டு என்று பள்ளிப் பாடத்திலும் படித்திருக்கிறோம். அதையே எடுத்துக்கொண்டு நெடுக்கு மணலோட்டம், குறுக்கு மணலோட்டம் என்று இணையாக வைக்கலாம். மணலைத் தூக்கிப் போகும் நீருக்கு நெடுக்கு நீரோட்டம். 'கரையோர நீரோட்டம்' தள்ளி ஓடும் பெரிய ஓட்டத்துக்கே இருக்கட்டும். குளிக்கப் போனவர்களை உள்ளே கொண்டுபோகும் ரிப் கரன்ட்டை இந்த வரிசையில் இப்போது சேர்க்க வேண்டாம். மக்கள் 'இழுப்பு' என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், தனி இழையில் பேசலாம்.

கூழாங்கல் கரைகளில் நகர்வது மணல் இல்லையே என்று தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தான். அங்கே 'நெடுக்குப் படிவோட்டம்' எனலாம். பொதுச்சொல்லாக அதை முன்னால் வைக்க எனக்கு மனமில்லை. நம் கரை மணற்கரை, படிப்பவர் கண்ணில் முதலில் மணல் தெரியட்டும்.

கலைச்சொல் தொகுப்பில் சேர்க்க ஒரு வரைவு:

நெடுக்கு மணலோட்டம் (பெயர்ச்சொல்): சாய்வாக வந்து உடையும் அலைகளாலும் அவை உண்டாக்கும் நெடுக்கு நீரோட்டத்தாலும் மணல் கரைக்கு இணையாக இடம்பெயர்தல். எ.கா.: சென்னைக் கரையில் நிகர நெடுக்கு மணலோட்டம் வடக்கு நோக்கியது.

'இணையாக' என்பதற்குப் பதில் 'கரை நெடுக' என்றே வரையறையிலும் எழுதலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.