காவலர் தேர்வு: வீட்டில் தெலுங்கு, தமிழ்த் தாள் பயமா இருக்கு

ஓசூர்க்காரி:
வணக்கம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிச்சிட்டிருக்கேன். வீட்டில் பேசுறது தெலுங்கு, படிச்சது இங்கிலீஷ் மீடியம். தமிழ் ஒரு பாடமா இருந்துச்சு, அவ்வளவுதான். ஓட்டம், பொது அறிவு, உளவியல் எல்லாம் சமாளிச்சிடுவேன். தமிழ் தகுதித் தேர்வுதான் உதைக்குது. ல, ள, ழ வந்தாலே தடுமாறுறேன். சந்திப்பிழைக் கேள்வியைக் குத்துமதிப்பா போடுறேன். எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்? கோச்சிங் சேர வசதியில்லை.

கருப்பட்டி:
தங்கச்சி, முதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்கோ. 80 கேள்வி, 80 மார்க், 80 நிமிஷம். 32 எடுத்தா போதும், இது ரேங்க்ல சேராது. ஆனா 32 வரலைன்னா 70 மார்க் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டாங்க. நல்லா ஓடுற பிள்ளைங்க இதுல நின்னுபோறதைப் பார்த்தா வயிறு எரியுது. தமிழைக் கடைசி மாசத்துக்குத் தள்ளாதே.

தெலுங்கு உனக்குத் தடையே இல்லை. தெலுங்குல 'கள்ளு'ன்னா கண்கள், 'கல்லு'ன்னா கள். ரெண்டையும் நீ என்னைக்காவது குழப்பியிருக்கியா? ல, ள உன் காதுல ஏற்கெனவே இருக்கு. பழக வேண்டியது ழ-வும், ர-ற வித்தியாசமும்தான். வலி, வளி, வழி மாதிரி சொற்களைப் பொருளோட கையால எழுதிப் பாரு.

சந்தியில எல்லா விதியையும் உருப்போடாதே. 'ஐ', 'கு' உருபுக்குப் பின்னாடி வல்லினம் மிகும்: திருடனைப் பிடித்தார், ஊருக்குப் போனார். அந்த, இந்த, எந்த வந்தாலும் மிகும்: அந்தப் பெண். வினைத்தொகையில மிகாது: ஊறுகாய், சுடுசோறு. எண்கள்ல எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ரெண்டையும் நினைச்சுக்கோ, அங்கே மிகும். மூன்று படம், ஐந்து காசு, அங்கே மிகாது. இதுலயே பாதிக் குழப்பம் தீரும்.

6 முதல் 10 வரை தமிழ்ப் புத்தகம் பாடநூல் கழகத் தளத்துல இலவசமா கிடைக்குது. 'மொழியை ஆள்வோம்', 'மொழியோடு விளையாடு' பகுதிகளை முதல்ல முடி. நூல், ஆசிரியர் பட்டியல் எல்லாம் அதுக்கப்புறம்.

தமிழாசிரியர் (ஓய்வு):
மகளே, ஒருமை பன்மையையும் விட்டுவிடாதே. 'ஒவ்வொரு மாணவர்களும்' தவறு, 'ஒவ்வொரு மாணவரும்' என்பதே சரி. ஒருமைக்கு 'அன்று', பன்மைக்கு 'அல்ல': அது அன்று, அவை அல்ல. மரபுச் சொற்களைக் கூட்டமாகப் படி: ஆந்தை அலறும், கூகை குழறும், மயில் அகவும், புலிப்பறழ், சிங்கக்குருளை, கீரிப்பிள்ளை.

ஓசூர்க்காரி:
ரொம்ப நன்றி அக்கா, ஐயா. தினமும் பேப்பர் வாசிச்சா சந்தி சரியாகுமா?

கருப்பட்டி:
வாசிப்பு வேகத்துக்கு நல்லது, வாசி. சந்திக்கு மட்டும் அதை நம்பாதே, அவசரத்துல ஒற்று விட்டுப்போயிருக்கும், பாடநூலையே பாரு. பயிற்சிக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பழைய பொதுத்தமிழ் வினாத்தாளையும் எடுத்துக்கோ, கேள்வி வகை ஒத்துவரும். கடிகாரம் வெச்சுப் போடு. தப்பானதை மட்டும் ஒரு நோட்டுல எழுதி, மறுநாள் காலையில கிரவுண்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருமுறை பார்த்துடு.