குளிர்காலத்தில் பாக்டீரியா நிமோனியா கூடுவது ஏன்?

கேள்வி

மிதவெப்ப நாடுகளில் நியூமோகாக்கஸ் கிருமியால் வரும் நிமோனியா குளிர்காலத்தில் மிகுந்து, கோடையில் தணிகிறது என்று படித்தேன். குளிரே நோயை உண்டாக்குகிறதா? என் தந்தைக்கு வயது 70-ஐக் கடந்துவிட்டது; நெடுங்காலம் புகைபிடித்தவர். எந்தக் காலத்தில் அவரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1

குளிரை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. நியூமோகாக்கஸ் ஆண்டு முழுவதும் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும், குறிப்பாகச் சிறு குழந்தைகளிடம், நோய் எதுவும் தராமல் தங்கியிருக்கிறது. இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ்கள் மூச்சுக்குழாயின் உட்படலத்தைச் சிதைத்து, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களை முடக்கும்போது, அது நுரையீரலுக்குள் இறங்குவது எளிதாகிவிடுகிறது. 1918-ஆம் ஆண்டு இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில் மாண்டவர்களின் நுரையீரல் திசுக்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் பாக்டீரியா நிமோனியாவின் அடையாளங்கள் தென்பட்டன. 2020-இல் கொரோனா கட்டுப்பாடுகளால் பிற சுவாச வைரஸ்கள் அடங்கியபோது, குழந்தைகளின் மூக்கில் நியூமோகாக்கஸ் பெரிதும் குறையாத இடங்களிலும் அது தரும் கடும் நோய் வெகுவாகக் குறைந்தது. குளிர்காலம் வழக்கம்போல வந்துதான் போனது. ஆகவே வைரஸ்களின் பங்கே பெரிது என்பது என் கருத்து.

மறுமொழி 2

மேலே சொன்னது நியூமோகாக்கஸுக்குப் பொருந்தும், நிமோனியா தரும் மற்றொரு பாக்டீரியாவான லெஜியோனெல்லாவுக்குப் பொருந்தாது. வெதுவெதுப்பான நீரில் பெருகும் அக்கிருமி, குளிரூட்டும் கோபுரங்கள், குளியல் தூவிகள் (ஷவர்) போன்றவற்றின் நுண்துளிகள் வழியே நுரையீரலை அடைவதால், அந்நோய் கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் மிகுகிறது. அந்நோய் முதன்முதலாக அறியப்படக் காரணமான பரவல் 1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியதும் ஒரு ஜூலை மாதத்தில்தான். முதியோரும் புகைபிடிப்போரும் இதற்கும் எளிதில் ஆளாகிறார்கள் என்பதால், உங்கள் தந்தைக்குக் கோடை முழுப் பாதுகாப்பான காலம் என்று எண்ணிவிட வேண்டாம்.

மறுமொழி 3

முதுமை, புகைப்பழக்கம், நாட்பட்ட நுரையீரல் நோய், நீரிழிவு, மண்ணீரல் அகற்றப்பட்டிருத்தல் ஆகியவை நியூமோகாக்கஸ் நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன. தந்தை இன்னும் புகைபிடிப்பவரானால் இப்போது நிறுத்தினாலும் பயனுண்டு. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியை அப்பருவம் தொடங்குமுன் ஆண்டுதோறும் போட வேண்டும். நியூமோகாக்கஸ் தடுப்பூசியை எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். சளிக்காய்ச்சல் தணிந்து ஓரிரு நாளில் மீண்டும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் தொடங்கினால், அதைப் பழைய காய்ச்சலின் மிச்சம் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீர்க் குழப்பமும் சோர்வும் மட்டும் நிமோனியாவின் அறிகுறியாக வரக்கூடும்.